வீடு சேரும் வண்டி

பட்டறையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, ஓட்டுநர் நண்பர்களே, கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

மஞ்சு இறங்கிவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா, காட்டெருமையா என்று தெரியாத ஊர் இது. அந்த மஞ்சையும் பொருட்படுத்தாமல் குன்னூரின் இந்த மன்றத்தை நிறைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் கடன்பட்டவன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், குறைந்த செலவில் நெடுநேரப் பந்தயத்துக்கு ஒரு கார் கட்டுவது. கார்ப் பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்லவா, தேயிலையும் கேரட்டும் விளைகிற மலையில் அதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

நான் பந்தய ஓட்டுநர் இல்லை. எஸ்டேட் லாரி ஓட்டியவரின் மகன். பிறகு தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்கு மோட்டார் வேலை கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன். என் அப்பா தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவார். இரவில் திரும்பி ஏறுவார். எங்கள் லைன் வீட்டுக்குக் கீழே கடைசியாக ஒரு வளைவு உண்டு. அந்த வளைவில் அப்பா செகண்ட் கியருக்கு மாற்றுகிற சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து அடுப்பில் தண்ணீர் வைப்பாள். எத்தனை மணிக்கு வந்தார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு வேகமாக வந்தார் என்றும் கேட்டதில்லை. வண்டி வீடு சேர்ந்ததா? அவளுக்கு அது ஒன்றே கேள்வி.

நண்பர்களே, நெடுநேரப் பந்தயத்தின் சாரம் முழுவதும் என் அம்மாவின் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வண்டி வீடு சேர வேண்டும்!

எப்படி என்று கேளுங்கள். சாதாரணப் பந்தயத்தில் இத்தனை சுற்று என்று வைப்பார்கள்; முதலில் முடித்தவர் வென்றவர். நெடுநேரப் பந்தயத்தில் இத்தனை மணி நேரம் என்று வைப்பார்கள். அந்த நேரத்துக்குள் அதிகச் சுற்று ஓடியவர் வென்றவர். ஒரே வண்டியை மூன்று நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பெட்ரோல் போட நிற்கும் நேரமும், டயர் மாற்றும் நேரமும், ரிப்பேருக்கு நிற்கும் நேரமும் கணக்கில் சேரும். கடிகாரம் யாருக்காகவும் நிற்காது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆறு மணி நேரப் பந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி 80 விநாடிக்கு ஒரு சுற்று ஓடுகிறது. பளபளக்கும் வண்டி, சீறும் வண்டி. இன்னொரு வண்டி 84 விநாடி எடுத்துக்கொள்கிறது. பழைய வண்டி, பதறாத வண்டி. ஆறு மணி நேரம் என்பது 21,600 விநாடி. முதல் வண்டி ஓயாமல் ஓடினால் 270 சுற்று. இரண்டாவது வண்டி 257 சுற்று. பதின்மூன்று சுற்று வித்தியாசம்! ஆனால் அந்தச் சீறும் வண்டியில் ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் வெடிக்கிறது. அதை மாற்ற இருபது நிமிடம் போகிறது. இருபது நிமிடம் என்றால் பதினைந்து சுற்று. 270-இல் பதினைந்து போனால் 255. பதறாத வண்டியோ 257. வென்றது யார்? வீடு சேர்ந்த வண்டி!

சில நூறு ரூபாய் ஹோஸ் ஒன்று லட்ச ரூபாய் எஞ்சினைத் தோற்கடித்துவிட்டது. உங்கள் பட்டறைகளில் இதைத்தானே தினமும் பார்க்கிறீர்கள்? வண்டியை நடுவழியில் நிறுத்துவது எஞ்சினா? பெரும்பாலும் இல்லை. ஃபேன் பெல்ட், ஒயர், கிளிப், பேரிங். சின்னச் சாமான்தான் பெரிய வண்டியைச் சாய்க்கிறது.

நெடுநேரப் பந்தயங்களுள் ஒன்று பிறந்த காரணமே அதுதான். 1923 மே மாதம் பிரான்ஸ் நாட்டில் லெமான் என்ற ஊரில் 24 மணி நேரப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. கார்த் தொழில் அப்போது இளம் தொழில். ஒரு பகல், ஒரு இரவு விடாமல் ஓடினால் வண்டி தாங்குமா, விளக்கு எரியுமா, பிரேக் பிடிக்குமா என்று சோதிக்கத்தான் அந்தப் பந்தயத்தை வைத்தார்கள். முதலிடத்தில் நின்ற வண்டி ஒரு நாளில் 2,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. வேகத்தைச் சோதிப்பதற்கு முன்னால் உழைப்பைச் சோதித்தார்கள்.

ஆனால் காலப்போக்கில் என்ன ஆனது? பெரிய கம்பெனிகள் வந்தன. பெரும் பணம் வந்தது. எளிய மனிதனுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அந்தக் கதவை மறுபடி தட்டித் திறந்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். 2006-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்ற பந்தயத்தைத் தொடங்கினார்கள். லெமன் என்றால் எலுமிச்சை. ஓட்டை வண்டியை எலுமிச்சை என்று சொல்வது அந்த நாட்டு வழக்கு. லெமான், லெமன், அந்தப் பெயரிலேயே அவர்களின் துணிச்சல் தெரிகிறது.

அந்தப் பந்தயத்தின் விதி என்ன தெரியுமா? வண்டியின் விலை 500 டாலருக்குள் இருக்க வேண்டும். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு இருபதாயிரம் ரூபாய்ச் சொச்சம். அதற்கு மேல் செலவு செய்தது தெரிந்தால், கூடுதலான ஒவ்வொரு பத்து டாலருக்கும் ஒரு சுற்றைக் கழித்துவிடுவார்கள். பணத்தைக் கொட்டி வெல்ல முடியாது. மூளையைக் கொட்டித்தான் வெல்ல வேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். என் சொற்பொழிவில் நீங்கள் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அந்த 500 டாலர் கணக்கில் சேராத பொருள்கள் சில உண்டு. ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு சேராது. பந்தய இருக்கை சேராது. இருக்கைப் பட்டி சேராது. தீயணைப்பான் சேராது. பிரேக் சேராது. டயர் சேராது. இவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய், யாரும் கேட்க மாட்டோம் என்கிறது விதி.

எவ்வளவு பெரிய அறம் அது! எஞ்சினில் சிக்கனம் செய். பெயின்டில் சிக்கனம் செய். அழகில் சிக்கனம் செய். உயிரில் சிக்கனம் செய்யாதே! மலிவு வண்டி கட்டும் கலைக்கு அடித்தளக் கல் இதுதான்.

மலிவாக வண்டி கட்டுவது அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமையா என்று கேட்டால், இல்லை என்பேன். மலிவாகச் செய்வோம், நாமே செய்வோம், எல்லோருக்கும் எட்டும்படி செய்வோம் என்ற எண்ணம் இந்த மலையின் காலடியில் இருக்கும் கோயம்புத்தூரில் எப்போதோ வேர் பிடித்துவிட்டது.

ஜி.டி. நாயுடு அவர்களை உங்களுக்குத் தெரியும். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கியவர். அவர் 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். எண்ணிப் பாருங்கள், 2,000 ரூபாய்க்கு ஒரு கார்! அரசு உரிமம் கிடைக்காததால் அந்தக் கார் சாலைக்கு வராமலே நின்றுபோனது. கார்தான் நின்றது. அதைக் கட்டிய எண்ணம் நிற்கவில்லை.

அதே கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்ற மனிதர் தோன்றினார். நூற்பாலைக் குடும்பத்துப் பிள்ளை. வசதி இருந்தது. வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்து, தானும் தன் நண்பர்களுமாக ஓட்டி மகிழ்ந்திருக்கலாம். சென்னையை அடுத்த சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாள்களில் அப்படி ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் கரிவரதன் வேறு ஒரு கேள்வியைக் கேட்டார். காசில்லாத பையனும் பந்தயம் ஓட வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?

அதற்கான பதில் நம் தெருவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாருதி 800! 1983 டிசம்பரில் வந்த வண்டி. 796 சி.சி., மூன்று சிலிண்டர். எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோர்ப்பான். அந்த எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக மாற்றினார் கரிவரதன். 1980-களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ பிறந்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின். யாருடைய அப்பா எவ்வளவு பெரிய பணக்காரர் என்பது தடத்துக்குள் செல்லாது. யார் நன்றாக ஓட்டுகிறார், யார் நன்றாகப் பராமரிக்கிறார் என்பதே செல்லும்.

விளைவு என்ன? கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓடியது, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடினார். இந்தியாவிலிருந்து அந்த உயரத்தைத் தொட்ட முதல் மனிதர் அவர். அவருக்குப் பிறகு 2010-இல் அங்கே போனவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அந்த இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். உலகத்தின் உச்சப் பந்தயத்துக்குப் போன பாதை, காய்கறி வாங்கப் போகிற காரின் எஞ்சினிலிருந்து தொடங்கியிருக்கிறது!

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். நாற்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. குன்னூரிலிருந்து விடியற்காலையில் இறங்கினால் காலைச் சிற்றுண்டி நேரத்தில் அந்தத் தடத்தின் வாசலில் நிற்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, நண்பர்களே!

கோவையில் தடம் இருக்கிறது, சரி. மலையில் இருக்கும் நமக்கு என்ன இருக்கிறது? நமக்கு இருப்பது பிரேக் பற்றிய அறிவு. சமவெளிக்காரன் புத்தகத்தில் படிப்பதை நாம் காலால் படித்திருக்கிறோம்.

நம் மலை ரயிலைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரை வந்தது, 1908-இல் உதகை வரை வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறும் செங்குத்துப் பாதை. நடுவில் பல் பதித்த தண்டவாளம். எஞ்சின் எங்கே இருக்கிறது? மேலே இருந்து இழுக்கவில்லை; கீழே நின்று தாங்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறார். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. மெதுவான ரயில் என்று யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஏறும் சக்தியை எண்ணிக் கட்டியவர்கள், இறங்கும் ஆபத்தையும் எண்ணிக் கட்டினார்கள். அதனால்தான் நூற்றாண்டு கடந்தும் அது வீடு சேர்ந்துகொண்டிருக்கிறது.

இறங்கும் ஆபத்து என்றேன். அதன் அளவு என்ன? ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் எங்கே போகும்? பெரும்பகுதி வெப்பமாகத்தான் போக வேண்டும். எவ்வளவு வெப்பம் தெரியுமா? ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம்! இந்த அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் டீ போடலாம். அவ்வளவு வெப்பத்தையும் நான்கு பிரேக்கின் தலையில் கட்டினால் அவை என்ன செய்யும்? கருகும், நாறும், பிடிக்காமல் போகும். அதனால்தான் மலைப்பாதை நெடுகிலும் செகண்ட் கியரில் செல்லவும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஏறின கியர்லதான் இறங்கணும் என்று அப்பா சொல்வார். சுமையைப் பிரேக்கோடு எஞ்சினும் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்பது அதற்குப் பொருள். பந்தயத் தடத்திலும் இதே விதிதான். ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும், ஆறு மணி நேரமும் பிரேக் சூடாகிக்கொண்டே இருக்கும். பிரேக்கைக் காப்பாற்றத் தெரிந்தவனே பந்தயத்தை முடிப்பான். அது மலைக்காரனுக்குப் பிறவியிலேயே வந்த பாடம்!

சரி, கட்டுவது எப்படி? தம்பிகளே, தங்கைகளே, குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியைத் தேர்ந்தெடுப்பது. வேகமான வண்டியைத் தேடாதீர்கள். ஸ்பேர் கிடைக்கும் வண்டியைத் தேடுங்கள். பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம். கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய சாமான் கடைகளில் அவற்றின் பாகங்கள் கிடைக்கும். எஞ்சின் பழையதாக இருக்கலாம், அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கக் கூடாது. எஞ்சினை மாற்றலாம். துருவை மாற்ற முடியாது. மஞ்சும் மழையும் தின்ற வண்டிகள் நம் ஊரில் நிறைய. ஆகவே தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

அடுத்து, எடையைக் குறைப்பது. பின் இருக்கை, ஏ.சி., விரிப்பு, கதவுப் பலகை எல்லாவற்றையும் கழற்றுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை, ஸ்பேனர் போதும். ஒவ்வொரு கிலோ குறையும்போதும் எஞ்சினுக்கு இளைப்பாறல், பிரேக்குக்கு இளைப்பாறல், டயருக்கு இளைப்பாறல். கழற்றியதை விற்றால் கையில் காசும் சேரும்.

மூன்றாவது, கூண்டு. இங்கே சிக்கனம் பேசுகிறவனைப் பட்டறைக்குள் விடாதீர்கள்! வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவது அந்தக் கூண்டுதான். தண்ணீர்க் குழாயை வளைத்து வெல்டிங் வைத்துக் கூண்டு என்று காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் தண்ணீருக்குத்தான். கூண்டுக்கு வேண்டியது இணைப்பு இல்லாமல் குளிர்முறையில் இழுத்த எஃகுக் குழாய். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் வேண்டும் என்பது உலக மோட்டார் கூட்டமைப்பு வகுத்திருக்கும் அளவுகளில் ஒன்று. வெல்டிங்கை முறையாகப் படித்தவர் வைக்க வேண்டும். தலை படும் இடத்தில் பஞ்சுறை வேண்டும். ஆறு முனைப் பட்டி வேண்டும். வெளியிலிருந்து ஒரு தட்டில் மின்சாரத்தை அணைக்கும் சுவிட்ச் வேண்டும். கை நீட்டினால் எட்டும் இடத்தில் தீயணைப்பான் வேண்டும். இவை அத்தனையும் முடிந்த பிறகுதான் எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும்.

நான்காவது, பிரேக் ஆயில். இது நம் மலைக்கே உரிய பாடம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தக் காப்பு 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். மஞ்சு சூழ்ந்த ஊரில் ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும்? சூட்டில் அது கொதித்துக் குமிழியாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே பந்தயத்துக்கு முன்னால் பழைய ஆயிலை முழுவதும் வடித்துப் புதியதை ஊற்றுங்கள். அதற்காகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அது காப்பது உயிரை.

ஐந்தாவது, சூடு. உதகையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரிக்கு உள்ளாகவே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி செய்கிற வேலை குக்கர் மூடி செய்கிற வேலைதான், அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. அந்த மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் எஞ்சின் வேகும். எஞ்சின் மூச்சு விடுவதற்கும் இதே கணக்கு. இங்கே காற்று மெலிந்தது, கீழே அடர்ந்தது. கார்புரேட்டர் வண்டியை இங்கே சீர்செய்துவிட்டு அப்படியே கோவைக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று கூடிப்போய் எரிபொருள் கலவை மெலியும், எஞ்சின் சூடேறும். ஆகவே கடைசிச் சீரமைப்பைக் கீழே போய்ச் செய்யுங்கள்.

ஆறாவது, எஞ்சின் ஆயில். வளைவில் வண்டி வேகமாகத் திரும்பும்போது அடிச்சட்டியில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும். ஒரு விநாடிதான். ஆனால் ஆறு மணி நேரத்தில் அப்படி எத்தனை விநாடி? பேரிங் போகும்; பந்தயம் முடியும். சட்டிக்குள் இரண்டு மூன்று தகடுகளைத் தடுப்பாக வெல்டிங் வைத்தால் போதும், ஆயில் ஓடாது. லேத்துப் பட்டறையில் ஒரு பிற்பகல் வேலை.

ஏழாவது, நோட்டுப் புத்தகம். ஆம், நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்! எந்த நட்டை எப்போது முறுக்கினோம், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஆனது, பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்தது என்று எழுதுங்கள். எழுதாத அனுபவம் ஆளோடு போய்விடும்; எழுதிய அனுபவம் அணியோடு நிற்கும்.

இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. சட்டம் அதற்கு இடம் தராது. லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதையெல்லாம் செய்து எங்கே ஓட்டுவது என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கண்ணாலேயே கேட்கிறான். கதவுகள் திறந்திருக்கின்றன, தம்பி. ஃபார்முலா பாரத் என்ற போட்டியில் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய கார்களோடு வருகிறார்கள். பல ஆண்டுகளாக அது கரி ஸ்பீட்வேயில் நடந்து வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துக் காரைக் கட்டுகிறார்கள். ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. எவ்வளவு செலவில் கட்டினாய் என்று கணக்குக் காட்டவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பெண் தரும் சோதனை எது தெரியுமா? நீடித்து ஓடும் ஓட்டம். 22 கிலோமீட்டர். நடுவில் எஞ்சினை அணைத்து, ஓட்டுநர் மாறி, சூடான எஞ்சினை மறுபடி கிளப்ப வேண்டும்.

22 கிலோமீட்டர்! இங்கிருந்து உதகைக்குப் போகிற தூரத்தைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆனால் எத்தனையோ அழகிய கார்கள் அந்தத் தூரத்தை முடிக்காமல் நின்றுவிடுகின்றன. ஒரு ஒயர் அறுந்து, ஒரு செயின் கழன்று, சூடான எஞ்சின் மறுபடி கிளம்பாமல். மாணவர்கள் கண்ணீரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்தக் கண்ணீர் வீண் இல்லை. அடுத்த ஆண்டு அவர்கள் கட்டும் வண்டியில் அந்த ஒயருக்கு உறை இருக்கும், அந்தச் செயினுக்குக் காப்பு இருக்கும். தோற்ற இடத்திலிருந்து பொறியாளர் பிறக்கிறார்.

கரடுமுரடான மண்பாதைக்கு பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா என்ற போட்டி 2007 முதல் நடக்கிறது. அதன் உச்சம் நான்கு மணி நேர நெடு ஓட்டம். கல்லும் சேறும் நிறைந்த எஸ்டேட் பாதையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தடம் அந்நியமா?

எனக்கு ஓர் ஆசை உண்டு. இந்த மலையிலிருந்து ஓர் அணி போக வேண்டும். அந்த அணியில் கல்லூரியில் படிக்கும் தங்கை கணக்குப் போட வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காத மெக்கானிக் அண்ணன் வெல்டிங் வைக்க வேண்டும். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டுப் பார்த்து, ‘இது தாங்கும், இது தாங்காது’ என்று சொல்ல வேண்டும். படிப்பும் கைத்தொழிலும் அனுபவமும் ஒரே வண்டியின் கீழே படுத்து வேலை செய்ய வேண்டும். எண்ணெய்க் கறை எல்லோர் கையிலும் ஒரே நிறம்தான்!

முடிக்கும் முன் மனம் கனத்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உதகையை அடுத்த கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நம் மேட்டுப்பாளையம் பாதையில் 14. அந்த வளைவுகளில் இளைஞர்கள் பைக்கிலும் காரிலும் பந்தயம் விடுகிறார்கள். எதிரே பள்ளிப் பேருந்து வரும், கேரட் மூட்டை ஏற்றிய லாரி வரும், காட்டெருமை நிற்கும். அங்கே கூண்டு இல்லை, மருத்துவர் இல்லை, தீயணைப்பான் இல்லை. 1955-இல் லெமான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பந்தயத் தடத்திலேயே காப்பு குறைந்தால் அந்தக் கதி என்றால், தடமே இல்லாத மலைப்பாதையில் என்ன கதி?

தம்பிகளே, உங்கள் வேகத்தைப் பழிக்க நான் வரவில்லை. வேகம் இளமையின் இயல்பு. அதற்கு உரிய இடத்தைக் காட்டவே வந்தேன். காசு இல்லை என்பதால்தான் சாலையில் ஓட்டுகிறோம் என்று சொல்வீர்களானால், காசு குறைவாக இருந்தாலும் தடத்தில் ஓட்டலாம் என்று காட்டிய மனிதர் இந்த மலையின் காலடியில் வாழ்ந்திருக்கிறார். அவர் பெயரில் தடம் இருக்கிறது. கட்டுங்கள்! நாலு பேராகச் சேருங்கள், பழைய வண்டி ஒன்றை வாங்குங்கள், பிரியுங்கள், கோர்த்துப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். ஓராண்டு ஆகட்டும், ஈராண்டு ஆகட்டும். மலை ரயிலுக்கு இல்லாத அவசரம் நமக்கு எதற்கு?

என் அப்பா ஒரு கோப்பையும் வென்றதில்லை. அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளில் அவர் வண்டி ஒருநாளும் பள்ளத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் இரவும் அந்தக் கடைசி வளைவில் செகண்ட் கியர் சத்தம் கேட்டது. ஒவ்வோர் இரவும் அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நான் அறிந்த மிக நீண்ட பந்தயம் அதுதான்.

நாளை நீங்கள் கட்டும் வண்டி ஆறு மணி நேரம் ஓடி முடித்து, லாரியில் ஏறி, இந்த மலைக்குத் திரும்பட்டும். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும், கீழே வளைவில் லாரிச் சத்தம் கேட்டதும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தாய் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைக்கட்டும்.

வண்டி வீடு சேரட்டும்!